காற்று எம் கரையிலே. கணக்கு யார் கையிலே?

கொழும்புத்துறை இறங்குதுறையில் மாலை வேளையில் நிற்பவருக்கு ஒரு மணம் தப்பாமல் வந்து சேரும். அது மீனின் மணம் மாத்திரமன்று, மண்ணெண்ணெயின் மணமுமாகும். வள்ளங்களிலே பூட்டிய இயந்திரங்கள் அந்த எண்ணெயைக் குடித்தே ஓடுகின்றன. அது பிறநாட்டிலிருந்து கப்பலேறி வருகின்றது. வெளிநாட்டு நாணயம் கொடுத்து வாங்கப்படுகின்றது. அதன் விலையைத் தீர்மானிப்போர் கொழும்புத்துறையின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். அதே கரையிலே சோளகம் எழுந்துவிட்டால் காற்று மனிதரை நிற்கவிடாது. அந்தக் காற்றுக்கு விலையில்லை, வரியில்லை, கப்பற் கூலியுமில்லை. விலையுள்ள எண்ணெயை வாங்கி எரித்துக்கொண்டு, விலையில்லாக் காற்றை வீணே வீசவிட்டு நிற்கின்ற இக்கரையின் நிலையே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளாகும்.

உலகம் இன்று ஒரு பெரிய திருப்பத்திலே நிற்கின்றது. மனிதன் முதலில் விறகை எரித்தான். பின்னர் நிலக்கரியைத் தோண்டினான். அதன்பின் எண்ணெயைக் கண்டான். இப்பொழுது அடுப்பு முதல் ஆலை வரை, மோட்டார் வண்டி முதல் மின்கணினி வரை யாவும் மின்சாரத்தை நோக்கித் திரும்புகின்றன. 1973ஆம் ஆண்டிலே உலக மக்கள் இறுதியாகப் பயன்படுத்திய சக்தியில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவான பங்கே மின்சாரமாக இருந்தது. இன்று அது ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. சீன தேசத்திலோ நாலில் ஒரு பங்கையும் கடந்துவிட்டது. 2024ஆம் ஆண்டில் உலகின் மொத்தச் சக்தித் தேவை நூற்றுக்கு இரண்டு வீதமளவிலே கூடியபோது, மின்சாரத் தேவை மாத்திரம் நான்கு வீதத்துக்கு மேலாகக் கூடியதென்று சர்வதேச சக்தி நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவ்வாண்டில் உலகெங்கும் விற்பனையான புதிய மோட்டார்க் கார்களில் ஐந்தில் ஒன்று மின்சாரத்தால் ஓடுவது. எண்ணெய்க்காகப் போர்கள் மூண்ட நூற்றாண்டு சென்று, மின்சாரத்துக்காகப் போட்டி மூளும் நூற்றாண்டு வந்துவிட்டது.

இம்மாற்றத்துக்குக் காரணம் வெறும் நாகரிக மோகம் அன்று. அதனுள்ளே கணக்கு இருக்கின்றது. வள்ளத்திலே பூட்டிய சிறிய எண்ணெய் இயந்திரம் தான் குடிக்கும் எரிபொருளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலாகச் சூடாகவும் புகையாகவும் வீசிவிடுகின்றது. எஞ்சிய சிறு பங்கே சுழலியைச் சுற்றுகின்றது. நல்ல மின்சார மோட்டாரோ தான் பெறும் சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரை வேலையாக மாற்றித் தருகின்றது. மேலும், எண்ணெயை எண்ணெய்க் கிணற்றிலிருந்துதான் எடுக்க முடியும். மின்சாரத்தையோ நீரிலிருந்தும் எடுக்கலாம், வெயிலிலிருந்தும் எடுக்கலாம், காற்றிலிருந்தும் எடுக்கலாம். உலக மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இன்று நிலக்கரியும் எண்ணெயும் வாயுவும் இன்றியே உற்பத்தியாகின்றது. எண்ணெய் வளமில்லாத ஏழை நாடுகளுக்கு இதைவிட நற்செய்தி வேறு என்ன இருக்க முடியும்?

ஆனால், நற்செய்தி எல்லார் வாயிலிலும் ஒரே நேரத்தில் வந்து கதவைத் தட்டுவதில்லை. உலகில் ஏறத்தாழ 75 கோடி மக்கள் இன்றும் மின்சாரமின்றி வாழ்கின்றார்கள். அவர்களின் துன்பத்தை ஏட்டிலே படித்து அறியவேண்டிய நிலையில் யாழ்ப்பாணத்தார் இல்லை; பட்டே அறிந்திருக்கின்றார்கள்.

1950இல் லக்ஷபானவில் நீர்மின்சாரம் பிறந்தது. அக்காலத்தை அடுத்து, சுன்னாகத்தில் டீசல் இயந்திரங்கள் முழங்கத் தொடங்கின. பின்னர் குடாநாடு நாட்டின் மின் வலையமைப்போடு இணைக்கப்பட்டது. 1990இல் மூண்ட போர் அந்த இணைப்பை அறுத்தது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வடக்கின் இம்முனைக்கு நாட்டின் மின்சாரம் வந்து சேரவில்லை. பொருளாதாரத் தடை இறுகியிருந்த ஆண்டுகளில் மண்ணெண்ணெயும் அரும்பொருளாயிற்று. ஜாம் போத்தலின் அடியிலே சிறிது எண்ணெயை விட்டு, திரியிட்டு, அந்த மினுக்கொளியிலே எமது பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைக் கையாலே சுற்றி, வானொலியில் செய்தி கேட்டார்கள். நீரிறைக்கும் இயந்திரத்துக்கு எண்ணெயின்றிக் கமக்காரர் மீண்டும் துலாவை நாடினர். உலகம் மின்சாரத்தை நோக்கி நடந்தபோது, நாம் மின்சாரத்திலிருந்து பின்னோக்கி நடத்தப்பட்டோம். 2013இல்தான் கிளிநொச்சியிலிருந்து சுன்னாகம் வரை கம்பி மீண்டும் இழுக்கப்பட்டுக் குடாநாடு நாட்டின் வலையமைப்போடு இணைந்தது.

கம்பி வந்தது, விளக்கு எரிந்தது. ஆனால், கொழும்புத்துறையின் வள்ளங்களுக்கு அந்தக் கம்பியினால் யாது பயன் விளைந்தது? வீட்டிலே மின்விளக்கு, தொழிலிலே மண்ணெண்ணெய் என்ற இரட்டை வாழ்க்கையே தொடர்ந்தது. அந்த வாழ்க்கையின் ஆபத்தை 2022ஆம் ஆண்டு எல்லாருக்கும் காட்டியது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் வெட்டப்பட்டது. ஏப்ரல் மாதத்திலே வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென்று அரசாங்கம் கைவிரித்தது. கையிலே கலனை ஏந்திக்கொண்டு கடற்றொழிலாளர் எண்ணெய் நிலையங்களின் முன்னே வரிசையில் நின்றனர். ஓகஸ்ட் மாதத்தில் ஒரே இரவிலே மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏற்றப்பட்டது. நாலு மடங்கு விலை கொடுத்து எண்ணெய் வாங்கிக் கடலுக்குச் செல்பவனுக்கு மீன் நாலு மடங்காகப் பட்டதா? நண்டு நாலு மடங்காகப் பட்டதா? பட்ட கதை எமக்குத் தெரியவில்லை. அதே ஓகஸ்டில் மின்சாரக் கட்டணம் சராசரியாக 75 வீதமும், அடுத்த பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டன. பின்னர் அது ஏறியும் இறங்கியும் வந்துள்ளது. ஆயினும், எண்ணெய்க்குப் பயந்து மின்சாரத்திடம் ஓடினால் அங்கும் எண்ணெயும் நிலக்கரியுமே உலையிலே எரிகின்றன என்ற உண்மையை ஏழைக் குடும்பங்கள் தமது கட்டணச் சீட்டிலே கண்டுகொண்டன.

ஆகவே, வழி எங்கே இருக்கின்றது? கொழும்புத்துறைக்கு எதிரே, கடல்நீரேரிக்கு அப்பாலேதான் இருக்கின்றது. பூநகரிக் கரையும், அதற்கு அப்பால் மன்னாரும் காற்று வளம் மிக்க நிலங்கள் என்பதை ஆராய்ச்சியாளர் கூறுமுன்னரே பாய்மரம் விரித்த எமது முன்னோர் அறிந்திருந்தனர். சோளகத்தையும் வாடையையும் கொண்டலையும் பெயர் சொல்லி அழைத்தவர்கள் அவர்கள். அதே காற்றுக் குடும்பம் மறுகரையிலே, தமிழகத்தின் ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் ஆயிரக்கணக்கான காற்றாலைகளைச் சுழற்றுகின்றது. தமிழகத்தின் காற்றாலைகள் யாவும் சேர்ந்து பத்தாயிரம் மெகாவாற்றுக்கு மேற்பட்ட வலுவுடையனவாக இன்று வளர்ந்துள்ளன.

வடக்கிலும் ஆரம்பம் உண்டாயிற்று. 2014இல் பளைப் பகுதியில் பத்து மெகாவாற் வலுவுள்ள இரண்டு காற்றாலைத் திட்டங்களைத் தனியார் கம்பனிகள் நிறுவின. 2020இல் மின்சார சபையே மன்னாரில் 103.5 மெகாவாற் வலுவுள்ள முப்பது காற்றாலைகளை எழுப்பியது. 2023இல் மன்னாருக்கும் பூநகரிக்குமாக 484 மெகாவாற் காற்றாலைத் திட்டமொன்றுக்கு இந்தியாவின் அதானி நிறுவனம் அனுமதி பெற்றது. ஓரலகு மின்சாரத்துக்கு 8.26 அமெரிக்க சதம் என்று விலை பேசப்பட்டது. அது மிகையான விலை என்று ஒரு சாராரும், நாட்டுக்கு முதலீடு வேண்டும் என்று மற்றொரு சாராரும் கொழும்பிலே வாதிட்டனர். அரசாங்கம் மாறியது, விலையைக் குறைக்கும் பேச்சு எழுந்தது, 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டு விலகியது.

இந்த வழக்கிலே நாம் கவனிக்கவேண்டியது விலை மாத்திரமன்று. கொழும்பு பேசியது, புதுடில்லி பேசியது, நிறுவனம் பேசியது. காற்று வீசும் நிலத்திலே குடியிருப்பவன், அந்த நீரேரியிலே வலை வீசுபவன், அவனுடைய பேச்சு எந்த மேசையிலே கேட்டது? அவனுக்குரிய பங்கு எந்தப் பத்திரத்திலே எழுதப்பட்டது? தீவுகளின் கதையும் இதுவே. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் வெயிலாலும் காற்றாலும் மின்சாரம் தரும் திட்டம் 2021இன் தொடக்கத்தில் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது, சீனர் விலகினர். 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையுடன் புதிய ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. வல்லரசுகளின் காய் நகர்த்தலிலே மூன்று ஆண்டுகள் கழிந்தன. அந்த மூன்று ஆண்டுகளும் தீவுகளிலே டீசல் இயந்திரத்தின் புகைதான் எழுந்தது. யாரிடம் வாங்குவது என்பதில் எமக்குப் பிடிவாதமில்லை. யாருக்காக வாங்குவது என்பதையே கேட்கின்றோம்.

வடக்கின் காற்று வடக்குக்கே என்று நாம் கூறவில்லை. அப்படிக் கூறுவது அறமுமன்று, அறிவுமன்று. லக்ஷபானவின் நீர் யாழ்ப்பாணத்து வீட்டிலும் விளக்கேற்றியது. பூநகரியின் காற்று காலியிலும் மாத்தறையிலும் விளக்கேற்றட்டும். ஆனால், விளக்கேற்றுபவன் இருட்டிலே இருக்கலாகாது. விளைநிலம் ஒருவனுடையது, விளைச்சல் வேறொருவனுடையது என்ற பழைய குத்தகை முறை காற்றிலும் வெயிலிலும் புகுந்துவிடலாகாது.

இஃது ஏதோ கனவு என்று எண்ணுவோர் டென்மார்க்கைப் பார்க்கட்டும். அதன் தலைநகரான கோபன்ஹேகனுக்கு எதிரே, கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்திலே, ஆழமற்ற கடலில் மிடெல்குருண்டன் என்ற இடத்தில் இருபது காற்றாலைகள் நிற்கின்றன. 2000ஆம் ஆண்டளவில் எழுந்த அந்த நாற்பது மெகாவாற் நிலையத்தின் பாதி நகர மின்சார நிறுவனத்துக்கும், மறுபாதி ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கும் உரியவையாக நிறுவப்பட்டன. சங்கத்தின் அங்கத்தவர்கள் ஏறத்தாழ 8,500 பேர். பெரும்பாலும் சாதாரண குடிமக்கள். பங்குப் பணம் கட்டிச் சேர்ந்தார்கள். இலாபத்திலே பங்கு பெற்றார்கள். தமது காற்றாலை என்ற உரிமை இருந்தபடியால் அது அவர்கள் கண்ணை உறுத்தவில்லை.

மன்னாரிலே நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2025 ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கு எதிராக அங்கே மக்கள் வீதியில் இறங்கினர். வெள்ளம் வடியும் வழி அடைபடுகின்றது, மீன்பிடி பாதிக்கப்படுகின்றது, வலசை வரும் பறவைகள் மடிகின்றன என்று அவர்கள் முறையிட்டனர். அவர்கள் மின்சாரத்துக்குப் பகைவர்கள் அல்லர். கேட்காமல் வந்து நிற்கும் எதற்கும், அது எத்துணை நன்மையாயினும், மனிதன் பகைவனாகவே நிற்பான். கூட்டுறவு எமக்குப் புதிய பாடமுமன்று. மூளாயிலே கூட்டுறவு வைத்தியசாலையை எழுப்பியவர்கள், கடற்றொழிலாளர் சங்கங்களையும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களையும் ஊர்தோறும் கட்டி வளர்த்தவர்கள், ஒரு காற்றாலையிலே பங்காளராக இயலாதா?

சட்டம் என்ன சொல்கின்றது என்று பார்ப்போம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்திலே மாகாண சபைக்குரிய நிரலில் மின்சாரமும் இடம்பெற்றிருக்கின்றது. மாகாணத்திலே மின்சாரம் உற்பத்தி செய்வதற்குரிய இடங்களையும் வசதிகளையும் அபிவிருத்தி செய்யும் அதிகாரம் அங்கே எழுதப்பட்டுள்ளது. ஆனால், நீர்மின்சாரமும், தேசிய வலையமைப்புக்கு ஊட்டப்படும் மின்சாரமும் நீங்கலாக என்று ஒரு விலக்கும் சேர்க்கப்பட்டுள்ளது. பெரிய காற்றாலை ஒவ்வொன்றும் தேசிய வலையமைப்புக்கே மின்சாரம் ஊட்டுகின்றது. அப்படியாயின் மாகாணத்துக்கு எஞ்சியது யாது? கொடுத்த கையே விலக்கு என்ற பெயரால் திருப்பி எடுத்துக்கொண்டது. எஞ்சிய சிறு அதிகாரத்தைச் செலுத்துவதற்கும் ஆளில்லை. வடமாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஏழு ஆண்டுகள் நிறைந்த பொழுதும் தேர்தல் நடக்கவில்லை.

எமது பக்கத்துக்கும் சில எச்சரிக்கைகளைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. மின்சாரம் எரியும் இடத்திலே புகை இல்லை என்பதால், பிறக்கும் இடத்திலும் அழுக்கில்லை என்று எண்ணிவிடலாகாது. சுன்னாகம் அதற்குச் சாட்சி. மின்னிலையத்துச் சூழலில் எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரிலே கலந்து, கிணறுகள் குடிக்க முடியாதவையாயின. மக்களின் நீண்ட போராட்டத்தின்பின், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அங்கு இயங்கிய தனியார் கம்பனி இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமென்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, ஆனால் கெட்ட கிணற்றைத் தீர்ப்பு ஒரே நாளில் திருத்திவிடுமா?

இரண்டாவது எச்சரிக்கை இன்னும் ஆழமானது. எமது குடாநாட்டுக்கு ஆறில்லை. சுண்ணாம்புக் கல்லின் இடுக்கிலே தேங்கும் மழைநீரே எமக்குக் கங்கை. மின்சாரம் மலிந்து, பொத்தானை அமுக்கியவுடன் நீர் பொங்கினால், இறைப்பதற்கு அளவிருக்காது. தமிழகத்திலே 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வழங்கினார்கள். ஏழைக்கு அது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால், பல மாவட்டங்களிலே கிணற்று நீர் பாதாளத்துக்கு இறங்கியதும் உண்மை. எமது நிலத்திலே நீர் இறங்கினால் அந்த வெற்றிடத்தில் உப்புநீர் ஏறும். துலா மிதித்த காலத்திலே மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது, மோட்டார் களைப்பதில்லை. ஆகவே, சட்டமும் கட்டுப்பாடும் அந்தக் காவலை ஏற்கவேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது ஆறில்லாத எமக்கே முதலில் சொல்லப்பட்ட புத்திமதி என்று கொள்வோமாக.

மூன்றாவது, வலையமைப்பின் பலவீனம். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை மின் நிலையத்திலே ஒரு குரங்கு ஏறியதால் நாடு முழுவதும் இருண்டதென்று அமைச்சரே கூறினார். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால், ஒரு குரங்கின் பாய்ச்சலைத் தாங்காத கட்டமைப்பு, காற்றின் ஏற்றத்தையும் வெயிலின் இறக்கத்தையும் எங்ஙனம் தாங்கும் என்று சிந்தித்தவர்கள் சிலரே. அவ்வாண்டு ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையிலே மின்சாரத் தேவை குறைந்தபடியால், கூரைகளிலே வெயில் மின்சாரம் பெறுவோர் தமது கருவிகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி கேட்கப்பட்டனர். உற்பத்தி செய்ததைச் சேமிக்கப் பற்றரி இல்லை. கொண்டுசெல்லக் கம்பிக்கு வலு இல்லை. 2030இல் நாட்டின் மின்சாரத்தில் எழுபது வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து பெறுவோம் என்று இலக்குக் கூறுவது எளிது. அதற்கான களஞ்சியத்தைக் கட்டுவதே அரிது.

இவற்றையெல்லாம் மனத்திலே கொண்டு, நாம் கேட்பவை இவை. ஒன்று: கொழும்புத்துறை போன்ற ஒவ்வொரு இறங்குதுறையிலும் வெயில் மின்சாரத்தால் இயங்கும் ஐஸ் அறையொன்று வேண்டும். ஐஸ் இல்லாதவன் பிடித்த மீனைச் சொன்ன விலைக்கு விற்றுவிட்டே வீடு திரும்பவேண்டும். ஐஸ் உள்ளவன் மறுநாள் சந்தைவரை பொறுத்து விலை பேசுவான். மின்சாரம் மீனவனுக்குத் தரும் முதற் சுதந்திரம் அதுவே.

இரண்டு: நீரேரித் தொழிலுக்கு மின்சார இயந்திரங்களைச் சோதித்துப் பார்க்கவேண்டும். கேரளத்தின் உப்பங்கழியிலே, வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே, 75 பேரை ஏற்றும் சூரிய சக்திப் படகு 2017 முதல் சேவையிலே விடப்பட்டது. அமைதியான, ஆழமற்ற, குறுந்தூர நீர்வழி அது. எமது நீரேரியும் அத்தகையதே. ஆழ்கடலுக்கு அது உடனே உதவாது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆனால், நண்டுக்கும் இறாலுக்கும் விடியலில் சென்று பகலுக்குள் திரும்பும் வள்ளத்துக்கு ஏன் உதவாது? அதுவரை மண்ணெண்ணெய் மானியத்தை நிறுத்தும் எண்ணம் எவருக்கும் வரலாகாது.

மூன்று: வடக்கில் எழும் ஒவ்வொரு காற்றாலையிலும் வெயில் நிலையத்திலும் அவ்வூர்க் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சட்டப்படி ஒரு பங்கு ஒதுக்கப்படவேண்டும். திட்டத்தை வரையுமுன்னர் அவ்வூர் மக்களின் கருத்துத் தமிழிலே கேட்கப்படவேண்டும். நான்கு: அரசியலமைப்பிலே எழுதிய விலக்கை மீளாய்வு செய்து, மாகாண சபைத் தேர்தலை நடத்தி, இந்தப் பொறுப்பை மக்கள் தெரிந்தவர்களிடம் கொடுக்கவேண்டும்.

இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. உலகெங்கும் எண்ணெயின் காலம் சாய்கின்றது. மின்சாரத்தின் காலம் எழுகின்றது. அதிலே நாம் பங்காளராகப் போகின்றோமா, பார்வையாளராகப் போகின்றோமா என்பதே வினா. கடல் வற்றும், மீன் தின்னலாம் என்று காத்திருந்து குடல் வற்றிச் செத்த கொக்கின் கதையை எம்மவர் நன்கறிவர். ஆட்சியாளர் தருவார்கள் என்று நாமும் அவ்வாறு காத்திருத்தல் தகாது. ஜாம் போத்தல் விளக்கிலே படித்த பிள்ளைகள் இன்று பொறியியலாளராய் உலகெங்கும் மின்னிலையங்களை நடத்துகின்றார்கள். அவர்களின் அறிவும், கரையிலுள்ளோரின் உழைப்பும், சங்கங்களின் ஒற்றுமையும் ஒன்றுசேர்ந்தால், கொழும்புத்துறையில் மண்ணெண்ணெயின் மணம் நீங்கும் நாள் தொலைவில் இல்லை. காற்று எம் கரையிலே வீசுகின்றது. அதன் கணக்கும் எம் கரையிலே எழுதப்படவேண்டும்.